எண்ணூறு கிராம்

இன்னும் மூன்றே சுற்று. வெள்ளையில் நீலக்கோடு போட்ட ஏழாம் நம்பர் கார் ஸ்டாண்டுக்கு முன்னால் சர்ரென்று போகவும், உட்கார்ந்திருந்த நாலாயிரம் பேரும் வாயைக் குவித்து ஊவென்று ஊளையிட்டார்கள். மூன்றாம் மாடி வர்ணனை அறையில் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அருணகிரி அதைக் கேட்டார், பொய் சொல்வானேன், காது குளிரக் கேட்டார். அப்புறம் கையை எடுத்து, தொண்டையைச் செருமி, “ஏழாம் நம்பர் யுகேந்திரன் முன்னால, பன்னெண்டாம் நம்பர் உக்கடத்து சாதிக் பின்னால, நடுவுல ஒரே ஒரு செகண்டுங்க, உக்கடத்துச் சிங்கம் விடுமா விடாதா?” என்று கேட்டதும் அதே நாலாயிரம் வாயும் விடாது என்று கூரைத் தகரம் அதிரக் கத்தின. இந்த வேலை அவருக்குக் கைவந்தது. கோயம்புத்தூருக்குத் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து பிரிந்து போகிற இந்த ட்ராக்கில் பதினாறு வருஷமாகத் தமிழில் வர்ணனை சொல்கிறவர் அவர்தான். வாரநாளில் காந்திபுரத்தில் பேட்டரிக் கடை, ரேஸ் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை மைக். வெயில் கண்ணாடி வழியாக வந்து முழங்கையைச் சுட்டது. மின்விசிறி கடகடத்தது. பிளாஸ்கில் டீ ஆறிப்போய்க் கிடந்தது, காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை, இறங்காது, இந்த மூன்று சுற்றும் முடிந்து, கட்டம் போட்ட கொடியை ஆட்டி, அதற்கப்புறம் எல்லாரும் மெதுவாக வருகிற அந்த ஒரு கடைசிச் சுற்றில் அந்தப் பயல் ஜனத்தைப் பார்த்துக் கையாட்டுகிறானா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் எதுவும் இறங்காது. ஆட்டினால் தொலைந்தான். ஆட்ட வேண்டும். ஆட்டச் சொன்னது இவர்தான், நேற்று, டீக்கடையில், சிரித்த முகமாக.

ஏன் அவனை இப்படிக் கரித்துக்கொட்டுகிறார்கள்? அருணகிரி இதை இரண்டு வருஷமாக யோசித்திருக்கிறார், கடையில் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும்போது, பல் தேய்க்கும்போது, மனைவி கோமதி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட. பணக்கார வீட்டுப் பிள்ளை, அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில் என்பார்கள். இந்த ட்ராக்கில் கார் ஓட்டுகிறவன் எவன் வீட்டில் அரிசிக்கு அல்லாடுகிறார்கள், சாதிக் ஒருத்தனைத் தவிர? அதில்லை காரணம். முரட்டுத்தனமாக ஓட்டுகிறானா என்றால் அதுவும் இல்லை, இன்றுவரை ஒருத்தனை இடித்தது கிடையாது. பின்னே என்ன? ஜெயித்துவிட்டுக் கீழே இறங்கினால் அழமாட்டான். போன மாசம் இவரே மைக்கை நீட்டி, “எப்படி இருக்குது தம்பி?” என்று கேட்டார். அம்மா என்று சொல்லியிருக்கலாம், சாமி என்று சொல்லியிருக்கலாம், எல்லாம் உங்கள் அன்பு என்று ஒரு வார்த்தை விட்டெறிந்திருந்தால் ஜனம் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அவன் என்ன சொன்னான்? “மூணாவது வளைவுல பின்பக்கம் கொஞ்சம் வழுக்குச்சுங்க. சரி பண்ணோணும்.” அவ்வளவுதான். ஜெயித்தவன் பேசுகிற பேச்சா அது? இருபது தடவை தோற்று, கை கால் முறிந்து, கடைசியில் ஒரு தடவை ஜெயிக்கிறவனுக்கு ஊரே அழும், அவன் தோற்றபோதெல்லாம் நாமும் கூட இருந்தோம் என்று ஒவ்வொருத்தனுக்கும் அவன் மேல் ஒரு பாத்தியதை. இவன் வந்த அன்றைக்கே ஜெயித்தான். யாருடைய ஐயோ பாவமும் இவனுக்குத் தேவைப்படவில்லை. கொடுப்பதற்கென்று கையில் வைத்திருக்கிற ஐயோ பாவத்தை வாங்க ஆளில்லாவிட்டால் ஜனத்துக்கு எரியாதா? அதுவும் பத்தொன்பது வயசில். முப்பது வயசுக்காரன் ஜெயித்தால் பாவம், உழைத்தான் என்று சொல்லி நாம் ஆறிக்கொள்ளலாம். பத்தொன்பது வயசுக்காரன் ஜெயித்தால், நீ அந்த வயசில் என்னடா பண்ணிக்கொண்டிருந்தாய் என்று பக்கத்தில் வந்து நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது. இதெல்லாம் ஜனத்துக்கு. அருணகிரிக்கு வேறே.

அருணகிரிக்கு வயிற்றெரிச்சல். அதற்குக் கௌரவமான வேறு பேர் ஒன்று கிடைக்குமா என்று தேடிப் பார்த்து அலுத்துவிட்டார். “அந்தப் பையன் உங்களுக்கு என்னங்க பண்ணுனான்?” என்று கோமதி ஒரு நாள் கேட்டாள், இவர் போனில் அவனைத் திட்டுகிற வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது. என்ன பண்ணினான்? இருக்கிறான், அதுதான் பண்ணினான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ட்ராக்கில், இதே மாதிரி ஒற்றை ஆள் உட்காருகிற காரில், இருபத்துநாலு வயசு அருணகிரி ஜெயித்தார். பதினெட்டுப் பந்தயம் ஓட்டி ஒரே ஒரு ஜெயம். அன்றைக்கு இந்த ஸ்டாண்டு என்ன கத்துக் கத்தியது! தகரக்கூரை அப்போது இல்லை, சாமியானாதான், அதன் மூங்கிலில் ஏறி நின்றுகொண்டு துண்டைச் சுழற்றினார்கள். கொடியைத் தாண்டின பிறகு வருகிற மெதுவான சுற்று முழுக்க அருணகிரி இடது கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தார், ஸ்டாண்டு பக்கமாகவே ஒட்டி வந்தார், ஒரு பெரியவர் கம்பிவேலியில் விரலை மாட்டிக்கொண்டு அழுதது அவருக்கு இப்போதும் தெரிகிறது. ஹெல்மெட்டுக்குள் இவரும் அழுதார். நேரே எடைமேடைக்குப் போனார். கார், ஆள், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஐநூற்று நாற்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. எடை பார்க்கிற ராஜாமணி சார் மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூன்று தடவையும் ஐநூற்று முப்பத்தொன்பதே கால் கிலோவைக்கூட முள் எட்டவில்லை. எண்ணூறு கிராம் குறைவு. “சாரி அருணகிரி” என்றார் ராஜாமணி சார். கப்பு இரண்டாவதாக வந்தவனுக்குப் போனது. மூங்கிலில் ஏறினவர்கள் இறங்கிப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் கார் கொடுக்க யாரும் வரவில்லை. பேர் மட்டும் நின்றது, எண்ணூறு கிராம் அருணகிரி.

“பன்னெண்டு நெருங்குறாருங்க, பன்னெண்டு நெருங்குறாரு, கடைசிக்கு முந்தின சுத்து!” வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது, அதற்கு மூளை தேவையில்லை. அந்த எண்ணூறு கிராமை ட்ராக்கே கொடுத்திருக்கும், அதுதான் ஆறாத விஷயம். ஓட ஓடத் தேய்கிற டயரிலிருந்து ரப்பர் துணுக்குத் துணுக்காக உதிர்ந்து, புளியங்கொட்டை அளவுக்கு, சுண்டைக்காய் அளவுக்கு, ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ரேஸ் முடிந்த சூட்டோடு அதன்மேல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தால் பாகில் எள் ஒட்டுகிற மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும். நாலு டயருக்கும் சேர்த்து ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. கெட்டிக்காரர்கள் அப்படித்தான் வருவார்கள், தலையைக் குனிந்து, தரையைப் பார்த்து, ஓரமாக. யுகேந்திரன் ஒரு தடவைகூட அதைத் தவற விட்டதில்லை. ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு, பெட்ரோல் தீர்ந்து டயர் தேய்ந்து வரும்போது கணக்காக எல்லையில் நிற்கிற கார், அவனுக்கு அந்த ரப்பர் வேண்டும். ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? அவன் பார்ப்பது என்ன, சாதிக் இரண்டாவதாக வந்தும் எழுந்து நின்று முத்தம் பறக்க விடுகிறான், ஜெயித்தவனோ இவர்கள் இருக்கிற பக்கமே வராமல், முகத்தைக்கூடத் திருப்பாமல், எதிர் ஓரமாகப் போகிறான். திமிரு. சுத்தத் திமிரு. மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் போதும், ‘தம்பி எடைக்காக ரப்பர் பொறுக்குறாருங்க’ என்று, நாலாயிரம் பேருக்கும் விளங்கியிருக்கும். அருணகிரி சொல்லவில்லை. முதல் தடவை ஏதோ சொல்ல விட்டுப்போனது, உண்மையாகவே விட்டுப்போனது. இரண்டாவது தடவை என்ன சொன்னார்? “சின்னத்தொரைக்குக் கை வலிக்குதாட்ட இருக்குதுங்க!” ஸ்டாண்டு விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த ரேஸுக்கு அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்கள், சின்னத்துரைக்குக் கை இல்லையா என்று. போனில் வீடியோ வந்தது, அதற்கு மேல் வீடியோ வந்தது, இன்று அவன் பேரே அதுதான். பேருக்குப் பேர் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

ஏனென்றால் அவன் ஆரம்பித்ததுதான் அது. பதினேழு வயசில், முதல் முதலாக வந்தபோது, கார்களைச் சோதனை போடுகிற கொட்டகைக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தவன், இவரைக் கண்டதும் ஓடிவந்து, கண்ணெல்லாம் விரிய, “அண்ணா, எண்ணூறு கிராம் அருணகிரி நீங்கதானுங்களே?” என்று கேட்டான். சுற்றி நின்ற மெக்கானிக்குகள் சிரித்தார்கள். கேலியில்லை, அவன் கேட்டது, பெரிய மனுஷனைப் பார்த்த மாதிரி கேட்டான், “எங்கப்பா உங்க கதைய எத்தன தடவ சொல்லியிருக்காருங்க” என்றான், “அதுக்கப்பறந்தானுங்க நான் எடையில கவனமா இருக்கறது” என்றான். அதுதான் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் ஒரு அறை விட்டு மறந்திருக்கலாம். தன்னுடைய ஒரே ஒரு நல்ல நாள், கம்பிவேலியில் ஒரு பெரியவர் அழுத நாள், இவனுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை. அருணகிரி பள்ளத்தில் விழுந்தார், அதனால் இவன் சுற்றிக்கொண்டு போகிறான், சுற்றிக்கொண்டு போய்ப் போய்க் கப்பாக வாங்கி அடுக்குகிறான். அன்று மத்தியானம் இவன் ஜெயித்தான். அருணகிரி மைக்கில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார், நாக்கு கசந்தது.

இப்போது மூன்றாவது வளைவு. கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி எட்டிப் பார்த்தார். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஏழாம் நம்பர் மந்தமாக வந்தது. முந்தியெல்லாம் கையிலிருந்து நழுவின சோப்பு மாதிரி வெளியே பாய்வான், இன்றைக்குக் காலையிலிருந்தே ஒரு அரை மனசு தெரிகிறது, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறான், நாலு செகண்டு இடைவெளியில் ஜெயிக்கிறவன் இன்று ஒரு செகண்டுக்கு உயிரைக் கொடுக்கிறான். பயம். அருணகிரிக்கு அது சந்தோஷமாக இருந்தது, கூச்சமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. ஊளை அவனுக்குள் இறங்கிவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு எத்தனை நாளைக்கு ஓட்டுவான்? ஒன்பது ரேஸ் முடிந்து அவனுக்கும் சாதிக்குக்கும் சரிசமமான புள்ளி, இன்று முந்துகிறவனுக்கு வருஷப் பட்டம். எடை குறைந்து வெளியே தள்ளினால் பட்டம் சாதிக்குக்கு. ஊரே அதைத்தான் கேட்கிறது. அருணகிரி ஊருக்கு நல்லதுதான் பண்ணியிருக்கிறார். சாதிக் நல்ல பையன். பஸ் மெக்கானிக் மகன். எல்லாம் சரி, அப்புறம் ஏன் டீ இறங்க மாட்டேனென்கிறது?

நேற்று தகுதிச்சுற்று முடிந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டீக்கடையில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார், பையன் தனியாக வந்தான், கையில் தண்ணீர் பாட்டில், ரேஸ் உடுப்பை இடுப்பு வரைக்கும் கழற்றிக் கட்டியிருந்தான், எலும்பு எலும்பாக இருந்தான். டீக்கடையில் நின்ற இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே நகர்ந்தார்கள். “அண்ணா, ஒண்ணு கேக்கலாமுங்களா? எங்கம்மா நாளைக்கு வரமாட்டேன்னுட்டாங்க.” இவர் பன்னை மென்றார். “போன ரேஸுக்கு ஸ்டாண்டுல உக்காந்திருந்தாங்க. சுத்தியும் என்னையத் திட்டறாங்க, அம்மா நடுவுல உக்காந்திருக்காங்க. பக்கத்துல ஒரு அக்கா, நீங்களும் ஊளையுடுங்கக்கா, சும்மா உக்காந்திருக்கீங்கன்னாங்களாம். நான் அவனோட அம்மான்னு சொல்ல வாய் வல்லையாமுங்கண்ணா. எந்திரிச்சு வந்துட்டாங்க.” அவன் அழவில்லை, அவனுக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே, வளைவில் வழுக்கினதைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னான். “நான் என்னங்கண்ணா பண்றது?” இந்த இடத்தில் அருணகிரி நூறு விஷயம் சொல்லியிருக்கலாம். நான்தான்டா சின்னத்துரை என்று பேர் வைத்தேன், நாளைக்கு நானே மைக்கில் விளக்கிச் சொல்கிறேன், உங்கம்மாவைத் தைரியமாக வரச்சொல் என்று ஒரு வார்த்தை, டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் அவன் நிற்கிற நிற்பு, இந்த வயசிலேயே எல்லாம் கிடைத்துவிட்டு இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் குறைகிறது, அதையும் கொடுங்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தது. கப்பு உனக்கு. காரு உனக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சுற்று ஜனம், அதுவும் உனக்கா? “கையாட்டுடா” என்றார் அருணகிரி. “ஓரமாப் போகாத. ஸ்டாண்டுப் பக்கமா, ஒட்டி, மெதுவா வா. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்.” பையன் யோசித்தான். “எடைங்கண்ணா?” அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வந்தபோது பதில் எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வந்ததோ, சிரிப்புகூட வந்தது. “ஒரு சுத்துல என்னடா ஆயிரப் போகுது?” அவன் இவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தான். “சரிங்கண்ணா” என்றான். டீக்காரர் “இன்னொரு டீயா?” என்று கேட்டார், வேண்டாம் என்றார்.

கடைசிச் சுற்று. மேசையில் போன் கிடந்தது. ஏழாம் நம்பர் டீமின் மேனேஜர் நம்பர் அதில் இருக்கிறது, கூப்பிட்டு, பையனுக்குப் பலகை காட்டுங்கள், முடிந்தபிறகு ஓரமாக வரச்சொல்லி என்றால் காட்டிவிடுவார்கள், காரில் பேச வசதி கிடையாது, பலகைதான், கடைசிச் சுற்றுக்கு இப்போது ஸ்டாண்டைத் தாண்டிவிட்டால் அதற்கும் வழியில்லை. கை போனுக்குப் போனது. போனின் மேல் உட்கார்ந்தது. கண்ணாடி சூடேறிக் கிடக்கிற மாதிரி போனும் சூடாக இருந்தது. அந்த அம்மா வீட்டில் உட்கார்ந்து போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், கோயம்புத்தூருக்குள் எந்த வீதியோ, ராமநாதபுரமோ, ரேஸ்கோர்ஸ் ரோடோ. ஊளை வீட்டுக்குள்ளேயும் கேட்கும். பார்த்தால் பார்க்கட்டும், என் அம்மாவும்தான் அன்றைக்கு வந்திருந்தாள், எடைமேடைக்கு வெளியே சோற்றுத் தூக்குப்போசியோடு நின்றாள், என்னாச்சு சாமி, ஏன் கப்பை அந்தப் பையனுக்குக் கொடுக்கறாங்க என்று கேட்டாள், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று யாராவது கேட்டீர்களா? இரண்டு காரும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஸ்டாண்டைத் தாண்டின. பலகை காட்டுகிற இடம் போய்விட்டது. கையை எடுத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்தார். “கடைசி வளைவுங்க, சாதிக் உள்பக்கம் எடுக்கறாரு, எடுத்துட்டாரா, எடுத்துட்டாரா...” எடுக்கவில்லை. ஏழாம் நம்பர் மூக்குநுனி அளவுக்கு முந்திக் கொடியைத் தாண்டியது. ஊவென்று நாலாயிரம் பேர். “யுகேந்திரன்” என்று மட்டும் சொன்னார் அருணகிரி.

மெதுவான சுற்று. தொலைவில், இரண்டாவது வளைவில், ஏழாம் நம்பர் எப்போதும் போல வெளி ஓரத்துக்கு ஒதுங்கியது. அருணகிரிக்கு அது நிம்மதியா ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பொறுக்குடா, பொறுக்கு, நல்லாப் பொறுக்கு. என் பேச்சைக் கேட்காதே. உடனே அடுத்த நினைப்பு, அவ்வளவு கெட்டிக்காரனா நீ, என் பேச்சைக் கேட்கக்கூட நான் லாயக்கில்லையா? இரண்டும் ஒரே மூச்சில் வந்தது, எதை நம்புவது? மூன்றாவது வளைவு தாண்டினதும் கார் ஓரத்தை விட்டு இறங்கியது. கூட்டித் துடைத்த மாதிரி இருக்கிற நடு ட்ராக்கைக் குறுக்கே கடந்து, ஸ்டாண்டுப் பக்கத்துக்கு வந்து, வேலியை ஒட்டிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. ஊளை போட வாயைக் குவித்தவர்கள் குவித்தபடியே நின்றார்கள். ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே தூக்கியிருந்தது. ஒரு கை வெளியே வந்தது, மெலிந்த கை, பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கத் தூக்குகிற மாதிரி தயங்கித் தூக்கி, பழக்கமில்லாமல், தாளமில்லாமல் ஆட்டியது. அப்புறம் எங்கேயோ ஒரு குழந்தை திருப்பிக் கையாட்டியது. அதன் அப்பா ஆட்டினார். சின்னத்துரை அட்டை வைத்திருந்தவன் அட்டையைக் காலுக்கடியில் போட்டான். அவ்வளவுதான், தகரக்கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கைதட்டல் கிளம்பியது, விசில், துண்டு, சாமியானா மூங்கில் ஒன்றுதான் இல்லை. அது என்னுடையது, என்று அருணகிரிக்குத் தோன்றியது, அந்தச் சத்தம் என்னுடையது, இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் இங்கே வைத்துவிட்டுப் போயிருந்தேன். மைக்கில் அவர் ஏதாவது சொல்ல வேண்டும். “கையாட்டுறாருங்க” என்றார். குரல் உடைந்தது, ஜனம் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டியது.

வர்ணனை அறை ஜன்னலிலிருந்து எடைமேடைக் கொட்டகை தெரியும். காரை ஏற்றினார்கள், பையனை உட்கார வைத்தார்கள். தலை முழுக்க நரைத்துவிட்ட ராஜாமணி சார் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். அருணகிரி கண்ணை மூடிக்கொண்டார். ஐநூற்று முப்பத்தொன்பது. சொல்லுங்கள், சார். சாரி என்று சொல்லுங்கள். சொல்லாதீர்கள் சார். வாக்கிடாக்கி கரகரத்தது, ராஜாமணி சாரின் குரல்: “ஏழாம் நம்பர், ஐநூத்தி நாப்பத்தொண்ணு நூறு. சரியா இருக்குது. அறிவிச்சுரு அருணகிரி.” ஐநூற்று நாற்பத்தொன்றா? எப்படி? பாதி ரப்பர்கூடப் பொறுக்காமல், இந்த உடம்புக்கு, எப்படி அவ்வளவு நிற்கும்? திரும்பக் கேட்டார். திரும்பவும் அதே எண்தான். அறிவித்தார். படியில் இறங்கினார், மேடையில் ஜெயித்தவர்களைப் பேட்டி காண்கிற வேலையும் அவருடையதுதான்.

மேடையில் சாதிக் பையனின் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். வெயிலில் கப்பு பளபளத்தது. அருணகிரி மைக்கை நீட்டி, வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார், “எப்படி இருக்குது தம்பி?” பையன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “மூணாவது வளைவுல கார் கொஞ்சம் கனமா இருந்துச்சுங்க” என்றான், ஜனம் சிரித்தது, இன்று அதற்கும் சிரித்தது. “நேத்து அருணகிரி அண்ணங்கிட்டப் போயி, இவங்கெல்லாம் என்னைய ஏனுங்கண்ணா திட்டறாங்கன்னு கேட்டனுங்க. கிட்ட வந்து கையாட்டுடான்னாரு. எடை கொறைஞ்சுருமேன்னேன். ஒரு சுத்துல என்னடா ஆயிரும்னு சிரிச்சாரு. எனக்கு வெளங்கல. வீட்டுக்குப் போயி யோசிச்சனுங்க. எண்ணூறு கிராமுக்குக் கப்பையே உட்டவரு, எடையப் பத்தி வெளையாட்டுக்குச் சொல்லுவாருங்களா? அப்பறந்தான் புரிஞ்சுது. ரெண்டு கிலோ ஈயத்த முன்னாடியே சீட்டுக்கடியில ஏத்திக்கோ, அதச் சொமந்துட்டே ஜெயிச்சுக்காட்டு, அப்பறம் கையாட்டுன்னு சொல்றாருன்னு. எங்க டீம்ல ஒருத்தருக்குமே இது தோணலைங்க. அண்ணனுக்குத்தான் தோணுச்சு. அம்மா வீட்ல பாத்துட்டிருக்காங்க. ரொம்ப நன்றிங்கண்ணா.”

தோன்றவில்லையே. அருணகிரிக்கு அது தோன்றவே இல்லையே. இருபத்திரண்டு வருஷம், எத்தனை ஆயிரம் தடவை அந்தச் சுற்றைத் திரும்ப ஓட்டியிருப்பார், படுக்கையில், கடையில், குளிக்கும்போது, கையாட்டியிருக்கக் கூடாது, ஓரமாகப் போயிருக்க வேண்டும், கை இல்லாவிட்டால் கப்பு, கப்பு இல்லாவிட்டால் கை, இந்த இரண்டைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். மூன்றாவதாக ஒன்று இருந்திருக்கிறது. முதலிலேயே கூடக் கொஞ்சம் சுமந்துகொண்டு வருகிறது. அந்த மந்தம் பயமில்லை, ஈயம். பத்தொன்பது வயசு, ஒரே சாயங்காலத்தில், அதுவும் இவர் வைத்த விஷத்திலிருந்து அதை எடுத்திருக்கிறான். “அருணகிரி! அருணகிரி!” என்று ஸ்டாண்டு கத்த ஆரம்பித்திருந்தது. யாரோ வேலியில் ஏறினார்கள். அந்தப் பேருக்கு முன்னால் எண்ணூறு கிராம் இல்லை. எவ்வளவு நாள் காத்திருந்த சத்தம். இரண்டு நிமிஷம் சிரித்துக்கொண்டு நின்றால் போதும், கும்பிட்டால் போதும், எல்லாம் இவருக்கே. மைக்கை வாங்கினார். “நான் அப்படிச் சொல்லலீங்க” என்றார். ஒலிபெருக்கியில் அது ட்ராக் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஜனம் கைதட்டியது, என்ன தன்னடக்கம் பார் என்று தட்டியது. “நெசமாத்தானுங்க. அவன் தோக்கோணும்னுதான் சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன்.” நாலாயிரம் பேரும் வெடித்துச் சிரித்தார்கள், சாதிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அருணகிரி மைக்கில் சொல்கிற எதற்கும் இப்படிச் சிரித்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். பையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இவர் பக்கம் திரும்பினான். இரண்டடி தூரத்தில் நின்றவனுக்கு இவர் முகத்தில் சிரிப்பில்லை என்று தெரியும். அவன் சிரிப்பு நின்றது. அருணகிரி மறுபடியும் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார், “தம்பி, நான்...” பையன் கையை நீட்டி மைக்கின் சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்தான். இன்னொரு கையால் ஸ்டாண்டைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தான்.